குழந்தையின் கைக்கு ஸ்கின் ட்ராக்‌ஷன்: ராத்திரியில ரெண்டு தடவை வழுகிடுச்சு, கட்டுத்துணியை வெட்டினது தப்பா?

குற்றாலச்சாரல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஜிஎன்எம் நர்சிங் படிப்பு முடிச்சு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில தொகுப்பூதியத்துல ஒன்றரை வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். ஆம்பளை நர்ஸ், வார்டுல எல்லாருக்கும் நான் ‘பிரதர்’. ஸ்கின் ட்ராக்‌ஷன்னா, தோல்ல பிளாஸ்டர் ஒட்டி, கயித்துல வெயிட் தொங்கவிட்டு, முறிஞ்ச எலும்பை இழுத்து வைக்கிறது. கால்ல அப்படி வெயிட் போட்டு நல்ல பழக்கம் உண்டு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு வர்ற ஆச்சி, தாத்தாங்க எங்க வார்டுல எப்பவும் ரெண்டு பேராவது இருப்பாங்க. கைக்கு, அதுவும் குழந்தைக்குன்னு போட்டது போன வாரம்தான் முதல் தடவை. அன்னைக்கு ராத்திரி நடந்ததை நினைச்சா இன்னும் தூக்கம் வர மாட்டேங்குது.

ஆறு வயசுப் பொம்பளப் பிள்ளை. லீவுக்கு ஆச்சி வீட்டுக்கு வந்த இடத்துல கொய்யா மரத்துல ஏறி விழுந்திருக்கு. இடது முழங்கைக்குச் சற்று மேல முறிவு, சுப்ராகாண்டைலர். விழுந்த அன்னைக்கே பக்கத்து ஊர் கட்டு வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போய், எண்ணெய் போட்டு மூங்கில் தப்பை வச்சுக் கட்டியிருக்காங்க. ராத்திரி பூரா அழுகை. மறுநாள் காலையில எங்ககிட்ட வந்தாங்க. கட்டைப் பிரிச்சப்போ முழங்கை வீங்கி மினுமினுன்னு இருந்துச்சு, முன்பக்கம் நாலஞ்சு நீர்க்கொப்புளம். நாடி கிடைச்சது, விரலெல்லாம் அசைஞ்சது.

சர்ஜன் பார்த்துட்டு, “மயக்க டாக்டர் நாளைக்கு மதியம்தான் வருவார். அதுவரைக்கும் வீக்கமும் கொஞ்சம் வடியட்டும். டன்லப் ட்ராக்‌ஷன் போட்டு வை, அரை கிலோ”ன்னு சொல்லிட்டுப் போனார். (டன்லப்னா கையைப் பக்கவாட்டுல இழுத்து வைக்கிற முறை.)

ஈரப் பஞ்சால முன்கையைத் துடைச்சு, ரெண்டு பக்கமும் ஒட்டுற பிளாஸ்டர் போட்டு, மேல கிரேப் பேண்டேஜ் சுத்தி, கயிறு கட்டி, கப்பியில விட்டேன். எங்க வெயிட் செட்ல இருக்கிறதெல்லாம் ரெண்டு கிலோ தட்டுதான். அட்டெண்டர் அண்ணன் எங்கிருந்தோ ஒரு செங்கல்லைக் கயித்துல கட்டி எடுத்துட்டு வந்துட்டார். நான் அதை ஓரமா வச்சுட்டு அரை லிட்டர் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டேன். (ரவுண்ட்ஸ் வந்த டியூட்டி டாக்டர், “ஏம்பா, சலைன் ஏன் கட்டிலுக்கு வெளியே தொங்குது, யாருக்குப் போகுது?”ன்னு கேட்டார்.) காலுக்குப் போடுற மாதிரியே கட்டிலோட கால்மாட்டைத் தூக்கி வச்சேன்.

ஒன்பது மணிக்குப் பார்த்தா பிளாஸ்டர் ஒரு இஞ்சுக்கு மேல வழுகி இறங்கியிருக்கு, பாட்டில் தரையைத் தொட்டுக்கிட்டு நிக்குது. திரும்ப ஒட்டி, இந்தத் தடவை வழுகக் கூடாதுன்னு இன்னொரு கிரேப்பையும் சேர்த்து இறுக்கிச் சுத்தினேன். பதினொன்னே முக்காலுக்குப் பிள்ளை வீறிட்டு அழுதுச்சு. அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான் வலி மருந்து குடுத்திருந்தோம். மறுபடியும் வழுகி, கிரேப் எல்லாம் மணிக்கட்டுல சுருண்டு வளையம் மாதிரி நிக்குது. விரல் சில்லுனு இருந்துச்சு. நிமிர்த்திப் பார்க்கலாம்னு நடுவிரலைத் தொட்டேன், தொடவே விடலை, அப்படி ஒரு கத்தல்.

டாக்டருக்குப் போன் போடச் சொல்லிட்டு, கத்தரிக்கோலால கிரேப்பை நீளவாக்குல வெட்டிட்டேன். முன்கையை நானே லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பத்து நிமிஷத்துல விரல் சூடாயிடுச்சு, அழுகையும் குறைஞ்சது. டாக்டர் வந்து பார்த்தார், தளர்வா மறுபடி போட்டோம்.

காலையில சீனியர் சிஸ்டர் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாங்க: “ஆர்டர் இல்லாம ட்ராக்‌ஷனை எப்படிப் பிரிப்ப?”

நான் செஞ்சது தப்பா? ஏன் ரெண்டு தடவையும் வழுகுச்சு? அடுத்த பிள்ளைக்கு என்ன மாத்திச் செய்யணும்?

---

வெள்ளைத்தொப்பி

ஆர்டர் இல்லாம ட்ராக்‌ஷனை ரிலீஸ் பண்ணக் கூடாதுன்னு எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்குடுத்துட்டாங்க. எலும்பு நகர்ந்துச்சுன்னா யார் பொறுப்பு? சீனியர் சொன்னது சரிதான் பிரதர். டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருந்திருக்கணும்.

---

வைகைக்கரை சிஸ்டர்

தம்பி, நான் 34 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. அதுல பாதிக்கு மேல எலும்பு வார்டு. மேல எழுதியிருக்கிற பொண்ணு கோவிச்சுக்க வேண்டாம். அந்த விதி எதுக்குன்னா, பெட்ஷீட் மாத்துறேன், எக்ஸ்ரேக்குத் தள்ளிட்டுப் போறேன்னு ஆளாளுக்கு வெயிட்டைக் கழட்டி வைக்காம இருக்க. விரல் சில்லிட்டுப் போன கைக்கு அந்த விதி இல்லை. கட்டை வெட்டினே, கையை இழுத்துப் பிடிச்சே, டாக்டரைக் கூப்பிட்டே. மூணும் சரி. நீ கையை விட்டுட்டு டாக்டரைத் தேடி ஓடியிருந்தா நானே வந்து சத்தம் போட்டிருப்பேன்.

ஆனா தப்பு ஒன்பது மணிக்கு நடந்திருக்கு. வழுகுதுன்னு இறுக்கினே பார், அதுதான்.

ஏன் வழுகுச்சுன்னு நீயே எழுதியிருக்கே, கவனிக்கலை. எண்ணெய்! முந்தின நாள் பூரா எண்ணெய்க் கட்டுல ஊறின தோல் அது. ஈரப் பஞ்சால துடைச்சா எண்ணெய் போகுமா? தோசைக்கல்லைத் தண்ணி ஊத்திக் கழுவின மாதிரிதான். எங்க வார்டுக்கு வர்ற பத்துப் பிள்ளைங்கள்ல நாலு பிள்ளை எண்ணெயோடதான் வரும். வெதுவெதுப்பான தண்ணி, சோப்பு, ரெண்டு தடவை. கையை ஒருத்தர் தாங்கிப் பிடிக்கணும், தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். அப்புறம் உலர விட்டு, தோல் நல்லா இருக்கிற இடத்துல மட்டும் டிங்சர் பென்சாயின் (பிளாஸ்டர் நல்லா ஒட்டுறதுக்கான மருந்து) தடவி, அது பிசுபிசுன்னு ஆனதும் பிளாஸ்டர். கொப்புளத்துப் பக்கம் பென்சாயினும் போகக் கூடாது, பிளாஸ்டரும் போகக் கூடாது. முன்கைத் தோலே உரிஞ்சிருந்தா ஸ்கின் ட்ராக்‌ஷனே கிடையாது, சர்ஜன்கிட்ட சொல்லிடணும். பிளாஸ்டர் ஒத்துக்காத தோலும் உண்டு, அதையும் அம்மாகிட்ட கேட்டுக்கோ.

ரெண்டாவது, கால்மாட்டைத் தூக்கினேன்னு எழுதியிருக்கியே, படிச்சுட்டுச் சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ. காலை இழுக்கும்போது உடம்பு கால்மாட்டுப் பக்கம் சறுக்கும், அதனால அந்தப் பக்கத்தைத் தூக்குறோம். இங்கே இழுப்பு பக்கவாட்டுல. பிள்ளை இடது பக்கம் சறுக்கிச் சறுக்கிக் கட்டில் ஓரத்துக்கே வந்திருக்கும், பாட்டில் தரையில உட்கார்ந்திருக்கும். அப்போ இழுவையே இல்லை, கட்டு மட்டும்தான் இருக்கு. அடிபட்ட கை இருக்கிற பக்கத்துக் கட்டில் கால் ரெண்டையும் மரக்கட்டை வச்சு உயர்த்தணும். பிள்ளையோட உடம்பு பாரமே எதிர்ப்பக்கம் இழுத்துக்கும்.

நாங்க போடுற விதத்தைச் சொல்றேன், உங்க சர்ஜன் வேற சொன்னா அதையே கேளு. பிள்ளை மல்லாக்கப் படுத்திருக்கும். கையைத் தோள்ல இருந்து பக்கவாட்டுல விலக்கி வைக்கணும். முழங்கை ஏறக்குறைய 45 டிகிரி மட்டும் மடங்கியிருக்கணும். அதுக்கு மேல மடக்கினா, வீங்கின முழங்கையில ரத்தக்குழாய் நசுங்கும். நாடியில விரலை வச்சுக்கிட்டே மடக்கிப் பார்த்த டாக்டர்களுக்குத் தெரியும், ஒரு இடத்துல நாடி காணாமப் போகும். டன்லப்புல கையை அப்படி நீட்டி வைக்கிறதே அதுக்காகத்தான்.

முன்கையில கட்டைவிரல் பக்கம் ஒரு பட்டை, சுண்டுவிரல் பக்கம் ஒரு பட்டை, நீளவாக்குல. கையைச் சுத்தி ஒரு நாளும் பிளாஸ்டர் ஒட்டாதே, அது வளையம் ஆயிடும். மணிக்கட்டுல ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்கிற எலும்புக்குப் பஞ்சு வை. கீழே கயிறு கட்டுற மரச்சட்டம் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கணும், இல்லேன்னா பிளாஸ்டர் அந்த எலும்பு மேலேயே உரசும். விரல் நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவுல நாலு விரக்கடை இடம் விடு, பிள்ளை விரலை ஆட்டணும். கிரேப் மணிக்கட்டுல ஆரம்பிச்சு மேல் நோக்கிப் போகணும், முழங்கைக்குக் கீழேயே நின்னுடணும். முடிச்சதும் உன் சுண்டுவிரல் உள்ளே போகுதான்னு பாரு.

மேற்கைக்கு ஒரு தூளி உண்டு, நீ அதைப் பத்தி எழுதவே இல்லை. போட்டியா? மெத்துன்னு மடிச்ச துணியை மேற்கையின் கீழ்ப்பாகத்துல போட்டு, அதுல இன்னொரு சின்ன வெயிட் கீழ் நோக்கி. அது இல்லாம டன்லப் பாதிதான். கொப்புளம் இருந்தா தூளியை நல்ல தோலுக்கு மேலே ஏத்திப் போடணுமா, வேண்டாமான்னு சர்ஜனைக் கேட்டுக்கோ.

செங்கல்லை ஓரமா வச்சியே, உன் கைக்கு ஒரு மோதிரம் போடணும். ஒரு செங்கல் மூணு கிலோ இருக்கும். பெரியவங்க காலுக்கே தோல் வழியா அஞ்சு கிலோவுக்கு மேல தாங்காது, பிள்ளை கைத் தோல் உரிஞ்சு கையோட வந்திருக்கும்.

இன்னொன்னு. வளையல், மோதிரம், அப்புறம் அந்தக் கருப்புக் கயிறு. திருஷ்டிக் கயிறை வெட்ட அம்மாமார் விட மாட்டாங்க. “சாமி ஒண்ணும் சொல்லாதும்மா”ன்னு சொல்லி வெட்டி அவங்க முந்தானையிலேயே முடிஞ்சு குடுத்துடு. வீக்கம் ஏறின பிறகு அந்த நூலு பிளேடு மாதிரி ஆயிடும். லீவு நாள்ல வர்ற பொம்பளப் பிள்ளைங்களுக்கு விரல் நுனியெல்லாம் மருதாணித் தொப்பி இருக்கும். நகத்தை அமுக்கி விட்டுப் பார்த்தா எப்பவும் சிவப்பாத்தான் தெரியும், ஏமாந்துடாதே. சாயம் ஏறாத விரல் சதையிலயோ உள்ளங்கையிலயோ அமுக்கு, மத்தக் கையோட ஒப்பிடு. வெளுத்த இடம் ரெண்டு செகண்டுக்குள்ள சிவக்கணும்.

ஒன்பது மணிக்குக் கட்டிட்டுப் பதினொன்னே முக்கால் வரைக்கும் பார்க்கலைன்னா அது ரொம்ப இடைவெளி. புதுசாக் கட்டின முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை, அப்புறம் மணிக்கு ஒரு தடவை. ராத்திரி ஒரே ஆளா நாப்பது பேஷன்ட்டைப் பார்க்கிறது எனக்குத் தெரியாததில்லை. அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துடு: விரல் சில்லுன்னு ஆனாலோ, நிறம் மாறினாலோ, மரத்துப் போச்சுன்னு பிள்ளை சொன்னாலோ உடனே வந்து என்னை எழுப்புன்னு. எழுப்புன்னுதான் சொல்லணும். ‘நர்ஸ் திட்டுவாங்க’ன்னு விடியிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிற அம்மாமாரை நான் பார்த்திருக்கேன்.

---

எலும்புமருத்துவன்

சிஸ்டர் சொன்ன பிறகு எனக்கு அதிகம் மிச்சமில்லை. கேள்வியில் ஒரு வரி மட்டும் என் கண்ணில் பட்டது: “நிமிர்த்திப் பார்க்கலாம்னு நடுவிரலைத் தொட்டேன், தொடவே விடலை.” தம்பி, நீங்கள் தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, அந்த ராத்திரியின் முக்கியமான பரிசோதனை அதுதான். மடங்கியிருக்கும் விரலை நாம் மெல்ல நிமிர்த்தும்போது முன்கையில் தாங்க முடியாத வலி வந்தால், தசை ரத்தமில்லாமல் தவிக்கிறது என்று பொருள். நாடி கிடைக்கிறதே என்று ஆறுதல் அடையக் கூடாது. தசை உறைக்குள் அழுத்தம் ஏறிச் சதை சாக ஆரம்பித்த பிறகும் மணிக்கட்டில் நாடி துடித்துக்கொண்டிருக்கும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நல்ல எண் காட்டினாலும் அப்படியே.

குழந்தைகள் ‘வலி கூடுகிறது’ என்று சொல்லத் தெரியாதவர்கள். பதற்றம், அடங்காத அழுகை, போன தடவை கேட்ட வலி மருந்து இந்தத் தடவை போதாமல் போவது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் வேறு அடையாளம் எதற்கும் காத்திருக்க மாட்டேன். நீங்கள் வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் அந்தக் குழந்தை வீறிட்டிருக்கிறது.

1881-இல் ஜெர்மானிய சர்ஜன் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மான் இதைத்தான் எழுதினார்: இறுக்கிய கட்டுக்குப் பிறகு முன்கைத் தசை செத்துச் சுருங்கி, விரல்கள் கொக்கி போல மடங்கிப் போகிற குழந்தைகளைப் பற்றி. இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. தசைக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் கெடு. அந்தக் குழந்தை ஒரு தடவை மூங்கில் தப்பையிலும் ஒரு தடவை உங்கள் ரெண்டாவது கிரேப்பிலும் அந்த ஓரம் வரை போய்த் திரும்பியிருக்கிறது.

வெட்டும்போது ஒரு திருத்தம்: கிரேப்பை மட்டும் வெட்டினால் போதாது. உள்ளே இருக்கிற பஞ்சையும் சேர்த்துத் தோல் தெரிகிற வரைக்கும் வெட்டுங்கள். ரத்தத்தில் ஊறிக் காய்ந்த பஞ்சு, கட்டைவிட மோசமாக இறுக்கும். முழங்கை மடங்கியிருந்தால் கொஞ்சம் நீட்டி விடுங்கள். வீக்கம் வடியட்டும் என்று கையை உயரத் தூக்க வேண்டாம், நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பத்து நிமிஷத்தில் சரியாகாவிட்டால் சர்ஜனைப் படுக்கையிலிருந்து எழுப்புங்கள்.

நரம்பு பார்ப்பதற்குக் குழந்தையோடு விளையாடினால் போதும். கல், காகிதம், கத்தரிக்கோல், கடைசியாக ‘ஓகே’. முஷ்டி மடக்கினால் மீடியன் நரம்பு சரி, விரித்து நீட்டினால் ரேடியல் நரம்பு சரி, கத்தரிக்கோல் காட்டினால் அல்னார் நரம்பு சரி. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து வட்டமாக ‘ஓகே’ வந்தால், இந்த முறிவில் அதிகம் அடிபடுகிற அந்த மீடியன் கிளை நரம்பும் சரி. ட்ராக்‌ஷன் போடும் முன்பே ஒரு தடவை பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், பிறகு வரும் நரம்புக் கோளாறு உங்கள் கட்டினால் வந்ததா, மரத்திலிருந்து விழுந்ததில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

---

டவுன்பஸ்

நான் நர்ஸும் இல்லை டாக்டரும் இல்லை. 1987-ல ஏழு வயசுல இதே முறிவு, இதே வெயிட். அப்பெல்லாம் கம்பி போட மாட்டாங்க போல, இருபது நாள் அப்படியே படுக்க வச்சுட்டாங்க. கை பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு, கீழே ஒரு மணல் பை ஆடிக்கிட்டு. பக்கத்துப் பெட் அண்ணன் ஒருத்தர் அந்தப் பையைக் காலால ஆட்டி விடுவார், எனக்கு உயிர் போகும், அவருக்குச் சிரிப்பு. அம்மா தயிர்சாதத்தை உருட்டி உருட்டி வாயில போடுவாங்க. முதுகு அரிச்சா சொறிய முடியாதது கை வலியைவிடக் கொடுமை, யாராவது இதையும் நோட் பண்ணுங்க. கை சேர்ந்துடுச்சு, ஆனா முழங்கை உள்பக்கமாக் கோணியிருக்கும். சட்டையை மடிச்சு விட்டா எல்லாரும் கேப்பாங்க. வேலைக்கு ஒரு குறையும் இல்லை, இருபது வருஷத்துக்கு மேல கியர் போடுற கை அதுதான்.

---

எலும்புமருத்துவன்

டவுன்பஸ் அண்ணே, அந்தக் கோணலுக்காகவும்தான் இப்போது சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியில் பார்த்து எலும்பை நேராக்கி, தோல் வழியே ரெண்டு மூணு கம்பி செருகி, மூணு நாலு வாரத்தில் உருவி விடுகிறோம். முழுச் சிகிச்சையும் டன்லப்பிலேயே முடிப்பது இப்போது அபூர்வம். தியேட்டர் கிடைக்கிற வரை, வீக்கம் வடிகிற வரை என்று ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரிக்குத்தான் போடுகிறோம். எப்போதாவது போடுவதால்தான் புதிதாக வருகிறவர்களுக்குக் கைப்பழக்கம் இல்லாமல் போகிறது. முதுகு அரிப்பைக் குறித்துக்கொண்டேன்.

---

வெள்ளைத்தொப்பி

சிஸ்டர் சொன்னதைப் படிச்சேன். நான் சொன்னது தப்பு. எங்க வார்டுல கட்டை வெட்டுற கத்தரிக்கோல் எங்கே இருக்குன்னு இன்னைக்குப் போய்ப் பார்த்தேன். பீரோவுக்குள்ள, பூட்டி. சாவி பகல் டியூட்டிகிட்ட.

---

குற்றாலச்சாரல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிஸ்டர், மேற்கைத் தூளி போடலை. சர்ஜன் ‘டன்லப்’னு ஒரு வார்த்தைதான் சொன்னார், நானும் தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன். கேட்டிருக்கணும். ரெண்டு மூணு தடவை தட்டச்சு பண்ணி அழிச்சுட்டு இதை எழுதுறேன்.

பிள்ளைக்கு மறுநாள் மதியம் ஆபரேஷன் ஆயிடுச்சு, ரெண்டு கம்பி. நேத்து காயம் பார்க்க வந்துச்சு. டாக்டர் சார் சொன்னபடி கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாடினோம். மூணு ஆட்டத்துலயும் நான் தோத்தேன். ‘ஓகே’ காட்டச் சொன்னா முதல்ல முழிச்சுது, ஆச்சி பக்கத்துல இருந்து “தோசை சூப்பர்னு காட்டுவியேட்டி, அது மாதிரி”ன்னாங்க. உடனே வட்டமாக் காட்டுச்சு. விரல்ல மருதாணி இருந்துச்சு சிஸ்டர். அன்னைக்கு ராத்திரியும் இருந்திருக்கு, நான் நகத்தைத்தான் அமுக்கிப் பார்த்திருக்கேன்.

சீனியர் சிஸ்டர்கிட்ட எண்ணெய் விஷயத்தையும் கட்டில் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், “சோப்புத் தண்ணிக்கு ஒரு பேசின் தனியா எடுத்து வை”ன்னாங்க. கத்தரிக்கோலை எலும்பு ட்ராலியிலயே கயிறு போட்டுக் கட்டியாச்சு.

கட்டில் காலுக்கு வைக்க மரக்கட்டை கேட்டு எழுதிக் குடுத்திருக்கோம், எப்ப வரும்னு தெரியாது. அதுவரைக்கும் அட்டெண்டர் அண்ணன் கொண்டாந்த செங்கல்லோட ஜோடிக்கு இன்னொன்னு தேடிப் பிடிச்சு, ரெண்டுக்கும் துணி சுத்தி வச்சிருக்கோம். அவருக்கு அதுல ஏகப் பெருமை.

---

வைகைக்கரை சிஸ்டர்

செங்கல்லு நடுவுல கட்டில் கால் வழுகாம இருக்கக் குழி மாதிரி இருக்கிற பக்கத்தை மேலே வைக்கச் சொல்லு. அப்புறம் கட்டில்ல சக்கரம் இருந்தா செங்கல் வேண்டாம்.